லேபிளில் இல்லாத ஆக்கள்

ஆகஸ்ட் மாசம், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு நாலு நாள் முந்தி இத்தாலிச் சித்தப்பா வந்து இறங்கினார். எங்க மூணு பேரில ரெண்டு பேருக்கு அவர் சித்தப்பா, மச்சாளுக்கு மாமா. இந்தக் கட்டுரையில சித்தப்பா என்றே இருக்கட்டும். பெட்டியைத் திறந்தப்போ சொக்லேட், சவர்க்காரம், பாட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் (மதுரங்குளியில ஸ்வெட்டர்!), கடைசியா துவாயில சுத்தின ஒரு போத்தல். ஐரிஷ் விஸ்கி. விமான நிலையத்துல வாங்கினதாம்.

"நீங்கதானே கம்பஸ் பிள்ளைகள், குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க" என்று சிரிச்சுக்கொண்டே தந்தார். பாட்டி ஒண்டும் சொல்லல. எழும்பி அடுப்படிக்குப் போயிட்டா. அதுக்கு அர்த்தம் என்னவென்று எங்க மூணு பேருக்கும் தெரியும். அதைப் பிறகு சொல்றோம்.

போத்தலின் பேரை இங்க எழுதப்போறதில்லை. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் தொடர்பான சட்டம் மதுபான விளம்பரத்தைத் தடை செய்யுது. அதே சட்டம் 21 வயதுக்குக் குறைஞ்சவங்களுக்கு விக்கிறதையும் தடுக்குது. நாங்க மூணு பேரும் 21ஐத் தாண்டியாச்சு. விளம்பரம் செய்ற நோக்கமும் இல்லை. ஆனா அந்த லேபிளைப் பத்தி நிறையக் கதைக்க இருக்கு.

லேபிளின் முன்பக்கம் வடிவா இருந்திச்சு. பழைய எழுத்து, தங்கக் கரை, ஒரு குடும்பப் பேர். அதுக்குக் கீழ "ஷெரிப் பீப்பாவில் நிறைவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி. பின்பக்கம் சின்ன எழுத்துல "இன்னாருக்காகப் போத்தலில் அடைக்கப்பட்டது", "அயர்லாந்தின் உற்பத்தி". காய்ச்சினது யாரு, எந்த ஊரில என்று எங்கயும் இல்லை. மச்சாள்தான் முதல்ல கவனிச்சா. "பேர் இருக்கு, ஆள் இல்லையே" என்றா.

தேடிப் பாத்ததுல விஷயம் விளங்கிச்சு. இதுக்கு அங்க ஒரு சொல்லே இருக்கு: வெளியில வாங்கின சாராயம். ஒரு கம்பனி தானே காய்ச்சாம, இன்னொரு வடிசாலை காய்ச்சினதை மொத்தமா வாங்கி, தன்ட பீப்பாவில கொஞ்ச காலம் வைச்சு, தன்ட பேரை ஒட்டி விக்கிறது. இது களவு இல்லை, சட்டம் இடம் குடுக்குது. ஐரிஷ் விஸ்கி என்று சொல்ல வேணுமெண்டா அயர்லாந்துத் தீவுக்குள்ள காய்ச்சி, அங்கயே மரப் பீப்பாவில குறைஞ்சது 3 வருஷம் வைச்சிருக்கணும், 40 வீத மதுசாரமாவது இருக்கணும். யார் காய்ச்சினது என்று லேபிளில போட வேணுமென்ற கட்டாயம் இல்லை.

ஏன் இப்பிடி வந்திச்சு என்டதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. 19ஆம் நூற்றாண்டுல உலகத்துக்கே விஸ்கி வித்த நாடு அயர்லாந்து. 20ஆம் நூற்றாண்டுல ஒவ்வொரு வடிசாலையா மூடுப்பட்டிச்சு. 1966இல் மிச்சமிருந்த பெரிய கம்பனிகள் மூண்டு ஒண்டாச் சேர்ந்திச்சு. 1975இல் மிடில்டன் என்ற ஊரில பெரிய புது வடிசாலை வந்ததுக்குப் பிறகு, முழுத்தீவுலயும் வேலை செய்தது ரெண்டே ரெண்டு இடம்: தெற்கே மிடில்டன், வடக்கே புஷ்மில்ஸ். ரெண்டும் ஒரே கம்பனிக்குக் கீழ. 1987இல் ஜோன் டீலிங் என்டவர் கூலி வடிசாலையைத் தொடங்கினதுக்குப் பிறகுதான் வெளிய வாங்கக்கூடிய விஸ்கி தாராளமா வரத் தொடங்கிச்சு. இப்ப அங்க 40க்கும் மேற்பட்ட வடிசாலைகள் இருக்கு. ஆனா புதுசாத் தொடங்கிற ஒருத்தன் 3 வருஷம் ஒரு போத்தலும் விக்காம என்ன செய்வான்? வாங்கி விப்பான். டீலிங்கின் மகன்மார் செய்ததும் அதைத்தான். முதல்ல அப்பாவின் பழைய வடிசாலையில காய்ச்சின விஸ்கியை வித்தாங்க, 2015இல் டப்ளினில சொந்த வடிசாலையைத் திறந்தாங்க.

இதை மதுரங்குளிச் சந்தியில பிளேன்டீ குடிச்சுக்கொண்டு எங்கட சிநேகிதன் ஒருத்தனுக்குச் சொன்னோம். அவன் போன் கடையில வேலை. முஸ்லிம் பிள்ளை, குடி என்ற பேச்சே இல்லை. ஆனா அவனுக்குத்தான் உடனே பிடிபட்டிச்சு. "மச்சான், சார்ஜரும் அப்பிடித்தானே. ஒரே ஃபெக்டரியில செஞ்சது, பேர் மட்டும் நாலு. ஆனா விலை நாலு விதம்" என்றான். பிறகு கேட்டான், "அப்ப அதைக் காய்ச்சினவனுக்கு என்ன கிடைச்சிச்சு?"

அந்தக் கேள்வியோடதான் வீட்டுக்கு வந்தோம்.

எங்கட தாத்தா முப்பது வருஷத்துக்கு மேல கள்ளுச் சீவினவர். புத்தளம், குருநாகல், கம்பஹா மூண்டும் சேர்ந்த தென்னை முக்கோணத்துக்குள்ளதான் எங்கட ஊரும். லுணுவிலவில 1929இல் தொடங்கின தென்னை ஆராய்ச்சி நிலையமும் எங்கட மாவட்டந்தான். பள்ளிக்கூடத்துல தென்னையைப் பத்தி எழுதச் சொன்னா தேங்காய், எண்ணெய், தும்பு, ஈர்க்கு எல்லாம் எழுதுவோம். கள்ளை எழுதினதில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. எழுதல, அவ்வளவுதான்.

தாத்தா சொல்லித்தான் வேலை எப்பிடியென்று தெரியும். விரியாத பாளையைக் கயித்தால இறுக்கிக் கட்டி, நாள் கணக்காத் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, நுனியைக் கத்தியால மெல்லிசாச் சீவி முட்டியைக் கட்டணும். ஒரு மரம் நல்லாச் சுரந்தா நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல தரும். ஒவ்வொரு மரத்துலயும் ஏறி இறங்கினா பொழுது போயிரும் என்று, மரத்துக்கு மரம் ரெண்டு தும்புக் கயிறு கட்டியிருப்பாங்க. கீழ்க் கயித்துல கால், மேல் கயித்துல கை. அப்பிடியே தோட்டம் முழுக்க மேலயே நடந்து வாறது. கடற்காத்து அடிக்கிற நாளில கயிறு ஊஞ்சல் மாதிரி ஆடுமாம். தாத்தாவுக்கு 52 வயசில அந்தக் கயித்துலயிருந்து விழுந்து இடுப்பு முறிஞ்சிச்சு. அதோட வேலை முடிஞ்சிச்சு.

சேர்ந்த கள்ளு பீப்பாவில ஊத்தி லொறியில ஏறும். கள்ளுக்கு ஈஸ்ட் போடத் தேவையில்லை, காத்துல இருக்கிறதே போதும். முட்டிக்குள்ளயே புளிக்கத் தொடங்கிரும். ஒரு நாளுக்குள்ள காய்ச்சாட்டி வினாகிரிதான். அதனால லொறி காத்து நிக்காது. "லொறி எங்க போகும் தாத்தா?" என்று கேட்டோம். "தெக்கால" என்றார். எந்த வடிசாலை? தெரியாது. எந்தப் பேரில போத்தல் வந்திச்சு? தெரியாது. முப்பது வருஷம்.

இந்தப் பின்னணியோடதான் போத்தலைத் திறந்தோம். பின்நேரம், வீட்டுக்குப் பின்னால, மாமரத்துக்குக் கீழ. தேத்தண்ணிக் கிளாஸ் நாலு, ஒரு செம்பு தண்ணி. ஒப்பிட்டுப் பாக்கவென்று முழுக்கத் தென்னங் கள்ளில காய்ச்சின பழைய சாராயம் கால் போத்தலும் சித்தப்பா வாங்கி வந்திருந்தார். மச்சாள் குறிப்பெழுத ஒரு கொப்பி கொண்டு வந்தா. அவதான் சொன்னா, "இந்தக் கால் போத்தலை நான் கடையில போய்க் கேட்டா சட்டப்படி தரமாட்டாங்க." உண்மைதான். பெண்களுக்கு மதுபானம் விக்கக்கூடாது என்ற 1979ஆம் வருஷ விதியை 2018 ஜனவரியில நிதியமைச்சர் மங்கள சமரவீர வர்த்தமானி மூலம் எடுத்தார். ஒரு கிழமை ஆகல, ஜனாதிபதி சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொல்லிட்டார். "காய்ச்ச உதவி செய்யலாம், பீப்பா கழுவலாம், குடிச்சு வாற ஆம்பிளைக்குச் சோறு போடலாம். வாங்கத்தான் ஏலாது" என்று மச்சாள் கொப்பியில முதல் வரியா எழுதினா.

விஸ்கியை முதல்ல மணந்து பாத்தோம். இணையத்துல பாக்கிற குறிப்புகளில வாற பழங்கள் பாதி எங்களுக்குத் தெரியாது. அத்தி உலர்த்தினது எப்பிடி மணக்கும் என்று மதுரங்குளியில யாருக்குத் தெரியும்? ஆனா ஒண்டு உடனே பிடிபட்டிச்சு: நத்தார் ரிச் கேக். முந்திரிகை வத்தல், பேரீச்சம்பழம், தோடம்பழத் தோல் எல்லாத்தையும் பிரண்டியில ஊறப்போட்டு மூடி வைச்ச போத்தலை டிசம்பரில திறந்தா வருமே, அதே மணம். அது ஷெரியின் வேலை. ஷெரி என்டது ஸ்பெயினில ஹெரெஸ் பகுதியில செய்ற, மதுசாரம் கூட்டின முந்திரிகை வைன். அது இருந்த பீப்பாவில விஸ்கியைச் சில மாசம் வைச்சா மரத்துக்குள்ள ஊறினது விஸ்கிக்குள்ள இறங்கும். இப்ப அந்தப் பீப்பாக்களில பெரும்பாலானது விஸ்கிக்காரங்களுக்கென்றே ஒண்டு ரெண்டு வருஷம் ஷெரி ஊத்திப் பழக்கி எடுக்கிறதாம். அதாவது சாராயம் ஒரு இடத்துல, பீப்பா இன்னொரு நாட்டுல, பேர் மூண்டாவது ஒருத்தருடையது.

வாயில வைச்சா முதல்ல இனிப்பு, பிறகு மிளகு மாதிரி ஒரு காரம், கடைசியில நாக்கு காயிற மாதிரி ஒரு கசப்பு. ரெண்டு சொட்டு தண்ணி விட்டதும் காரம் இறங்கி மணம் கூடிச்சு. பொய் சொல்லக்கூடாது, நல்லா இருந்திச்சு.

அப்பதான் தாத்தா பொல்லை ஊண்டிக்கொண்டு வந்து வாங்கில இருந்தார். கிளாஸை நீட்டினோம். குடிக்கல. மூக்குக்குக் கிட்டப் பிடிச்சுக் கண்ணை மூடினார். "இதுல கொப்பரா மணக்குது" என்றார்.

நாங்க சிரிச்சிட்டோம். அயர்லாந்து விஸ்கியில கொப்பரா! தாத்தாவுக்கு எதுல மணந்தாலும் தென்னைதான் என்று நினைச்சோம். இரவு தேடிப் பாத்தா, தாத்தா சொன்னது முழுக்கச் சரி. ஐரிஷ் விஸ்கியில பெரும்பாலானது முதல்ல அமெரிக்க ஓக் மரப் பீப்பாவில, பூர்பன் இருந்த பீப்பாவிலதான் வருஷக் கணக்கா இருக்கும். ஷெரிப் பீப்பா கடைசிக் கட்டம் மட்டுந்தான். அந்த அமெரிக்க ஓக்கில லக்டோன் என்ற ஒரு சேர்மம் இருக்கு. அதின்ட மணமே தேங்காய் மணம். எங்கட தென்னஞ் சாராயத்துல அந்த மணம் இல்லை, ஏனெண்டா கள்ளு தேங்காயிலயிருந்து வாறதில்லை, பாளையிலயிருந்து வாறது. அது ஊறுறதும் ஓக்கில இல்லை, ஹல்மில்ல மரத் தொட்டியில. தமிழில அதைச் சாவண்டலை என்பாங்க. திருகோணமலை மரம் என்று வெள்ளைக்காரங்க பேர் வைச்சு ஏத்துமதி செய்தது அதைத்தான். தேங்காய் இல்லாத நாட்டுச் சாராயத்துல தேங்காய் மணம், தென்னையிலயே பிறந்த சாராயத்துல அது இல்லை. ஷெரி மேல பூசின இனிப்புக்குள்ளால அதை மணந்து எடுத்தது, லேபிளை வாசிக்கத் தெரியாத ஒரு மூக்கு.

பிறகு ஊர்ச் சாராயம். கிளாஸில ஊத்தினப்போ மூணாவது ஆளைப் பத்திச் சொல்ல வேணும்.

எங்க மூணு பேரில ஒருத்தன் அன்டைக்கு ஒரு சொட்டும் குடிக்கல. பெரியப்பாட மகன். பெரியப்பா குடிச்சே செத்தவர். முதல்ல தவறணையில, காசு முடிஞ்ச பிறகு கசிப்பு. சீனியும் எதெதையோவும் போட்டு ஒளிச்சுக் காய்ச்சிற சாமான். 41 வயசு. கடைசி மாசம் கண்ணெல்லாம் மஞ்சளா, வயிறு ஊதி, ஆஸ்பத்திரிக் கட்டிலில. தம்பிக்கு அப்ப பதினொரு வயசு. பாட்டி ஒண்டும் பேசாம எழும்பிப் போனதுக்குக் காரணம் அதுதான். சித்தப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் வெளிநாட்டிலயிருந்து வாற ஆம்பிளை போத்தல் கொண்டு வராட்டி ஊர் என்ன சொல்லும் என்று ஒரு இது.

தம்பி மணக்க மட்டும் வந்தான். விஸ்கியில ரிச் கேக் என்று முதல்ல சொன்னதே அவன்தான், எங்களுக்குள்ள நல்ல மூக்கு அவனுக்குத்தான் வாய்ச்சிருக்கு. சாராயக் கிளாஸை எடுத்தான். மச்சாள் பேனையோட பாத்துக்கொண்டிருந்தா. கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லல. பிறகு, "அப்பாட சேர்ட்" என்றான். கிளாஸை வைச்சிட்டுப் போய் கிணத்தடியில முகத்தைக் கழுவினான்.

மச்சாள் அதை எழுதல. கொப்பியை மூடிட்டா.

இந்தக் கட்டுரையை எழுத வேணுமா என்று நாங்க மூணு பேரும் அதுக்குப் பிறகு இரவிரவாக் கதைச்சோம். விஸ்கியை ருசி பாத்து எழுதுறது ஒரு கலையாம். அதுக்கு மொழி இருக்கு, புள்ளி இருக்கு, கிளாஸுக்கே தனிப் பேர் இருக்கு. எங்கட வீட்டுல மதுவுக்கு இருந்த மொழி வேற. "வந்திட்டாரா?", "எப்பிடி வாறார்?", "பிள்ளைகளை உள்ளுக்குக் கூப்பிடு." இந்த ரெண்டு மொழியையும் ஒரே கொப்பியில எழுதலாமா? தம்பிதான் எழுதச் சொன்னான். "சேர்ட்டையும் போடு. அதுவும் ஒரு மணந்தானே" என்றான்.

அதனால இதையும் சேர்த்துச் சொல்றோம். எங்கட நாட்டுல சாராயத்துக்கும் பேருக்கும் உள்ள உறவு பழசு. பிரித்தானியர் காலத்துல சாராயக் குத்தகையை ஏலத்துல விட்டாங்க. அந்தக் குத்தகையில பணம் சேர்த்த குடும்பங்கள் பிறகு தோட்டம், காரீயச் சுரங்கம், கொழும்பில மாளிகை என்று வளர்ந்ததைக் குமாரி ஜயவர்தன 2000இல் வெளிவந்த 'நோபடீஸ் டு சம்படீஸ்' என்ற நூலில விரிவா எழுதியிருக்கிறார். பேரில்லாதவங்க பேருள்ளவங்க ஆன கதை. 1912இல் மதுவரிச் சட்டம் வந்திச்சு, அதை எதிர்த்து மதுவொழிப்பு இயக்கம் வளர்ந்திச்சு, அதிலயிருந்தே அரசியல் தலைவர்கள் வந்தாங்க. 1974இல் அரசாங்க வடிசாலைக் கூட்டுத்தாபனம், 1992இல் அது தனியார் கைக்கு. வித்தவனுக்கும் எதிர்த்தவனுக்கும் சரித்திரத்துல இடம் கிடைச்சிச்சு. கயித்துல நடந்தவன் அந்தப் பக்கத்துலயும் இல்லை, இந்தப் பக்கத்துலயும் இல்லை.

இப்ப கடையில "சாராயம்" என்று விக்கிற எல்லாமே கள்ளில காய்ச்சினது இல்லை. மலிவா விக்கிறதில பலதும் பெரும்பகுதி வேற மூலப்பொருளில காய்ச்சின மணங்குணமில்லாத மதுசாரம், அதுல கொஞ்சந்தான் தென்னஞ் சாராயம். லேபிளில தென்னை மரம் படமா நிக்கும். ஐரிஷ் போத்தலில காய்ச்சினவன் பேர் இல்லையென்று குறை சொல்ல வெளிக்கிட்டு, கடைசியில எங்கட போத்தலைத்தான் திருப்பிப் பாத்தோம்.

தாத்தாட்ட இதையெல்லாம் சொன்னோம். "உங்கட கள்ளு எந்தப் போத்தலில போனது என்று தெரிஞ்சிருந்தா என்ன செய்திருப்பீங்க?" என்று கேட்டோம். யோசிச்சார்.

"ஒண்டும் செய்திருக்கமாட்டன் மகன். ஆனா மூத்தவன் குடிச்சதுல என்ட கள்ளும் இருந்திச்சோ எண்டு ராவுல யோசிக்கிறதுதான்."

நாங்க அதுக்கு எந்தப் பதிலும் சொல்லல. அவர் பதில் கேட்கவுமில்லை. பாட்டி அடுப்படியிலயிருந்து தேத்தண்ணி கொண்டு வந்து அவர் கையில குடுத்தா. வாசல்படியில குந்தி, "பொடியன் மத்தியானமும் சரியாச் சாப்பிடல, கூப்பிடு" என்று மச்சாளிட்டச் சொன்னா. தம்பி வந்து பாட்டிக்குப் பக்கத்துல இருந்தான்.

மிச்ச விஸ்கியை அடுத்த ஞாயிறு சித்தப்பாட கூட்டாளிமார் முடிச்சிட்டாங்க. ருசியைப் பத்தி யாரும் ஒண்டும் கதைக்கல. சித்தப்பா செப்டெம்பரில திரும்பிப் போனார். நாங்களும் கம்பஸுக்கு வந்திட்டோம்.

போன கிழமை ஒரு நாள் லீவில வீட்டுக்குப் போனப்போ அடுப்படித் தட்டில அந்தப் போத்தல் நிண்டுது. பாட்டி சுடுதண்ணியில நாலு தரம் கழுவிக் காயவைச்சு, தேங்காயெண்ணெய் ஊத்தி வைச்சிருக்கிறா. லேபிளைக் கிழிக்கல, நல்லா ஒட்டியிருக்குதாம். தங்கக் கரை, குடும்பப் பேர், ஷெரிப் பீப்பா, அயர்லாந்தின் உற்பத்தி எல்லாம் அப்பிடியே இருக்கு. உள்ள இருக்கிறது எங்கட வளவுத் தேங்காய், தம்பி உரிச்சது, பாட்டி காயவைச்சது, சந்தி மில்லில ஆட்டினது. மச்சாள் ஒரு மார்க்கர் பேனை எடுத்து, லேபிளுக்குக் கீழ அந்த மூண்டு பேரையும் எழுதி வைச்சா.